புதுப்பிப்பு: வால்நட்சத்திரப் படம் மங்கலாக விழுந்த சிக்கல் தீர்ந்தது

2024 அக்டோபரில் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரத்தை எடுத்தால் வெறும் பஞ்சு போலத் தெரிகிறது என்று இங்கே புலம்பியிருந்தேன். உதவிய எல்லாருக்கும் நன்றி.

ஆட்டோ ஃபோகஸை அணைத்து, வெள்ளிக் கோளைத் திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது சிறு புள்ளியாகும்வரை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருகச் சொன்ன அண்ணனின் யோசனைதான் பலித்தது. ஐஎஸ்ஓவை (கேமரா ஒளியை உணரும் திறன்) ஏற்றியும் பார்த்தேன், புள்ளிப்புள்ளியாக இரைச்சல்தான் மிச்சம்.

17ஆம் தேதி, மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துத் திடல். மேகம் விலக ஏழே முக்கால் ஆகிவிட்டது. மேற்கே வெள்ளிக்கு வலப்புறம், செம்பனைகளுக்கு மேலே வால்நட்சத்திரம் இருந்தது. கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், 55 மி.மீ.யில் எஃப் 5.6 (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ 1600, 5 விநாடி. முக்காலியும் 2 விநாடி டைமரும் கட்டாயம். 15 விநாடி வைத்தால் நட்சத்திரங்கள் கோடாக இழுபடுகின்றன.

எதிர்பாராதது: ஏர்கான் அறையிலிருந்து எடுத்து வந்த லென்ஸில் ஆவி படிந்து இருபது நிமிடம் போச்சு. அப்புறம், அன்று பௌர்ணமி வேறு! வால் பாதிதான் தெரிந்தது. இருந்தாலும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் திரையைப் பார்த்துக் கத்திய கத்தல்...