‘முன்மருத்துவமனை’ வேண்டாம்: பக்கவாதக் கடுமைக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனைக்கு வருமுன்பே பக்கவாதத்தின் கடுமையை அளக்கும் ‘prehospital stroke severity scale’ என்பதற்கு இந்த இழையில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு ‘முன்மருத்துவமனைப் பக்கவாதத் தீவிர அளவுகோல்’ என்று ஐயா ஒருவர் முன்வைத்த தொடரை என்னால் ஏற்க முடியவில்லை. ‘முன்மருத்துவமனை’ என்றால் முன்பு சேர்த்திருந்த மருத்துவமனை என்றுதான் படிப்பவர் கொள்வார். ‘தீவிரம்’ ஏற்கெனவே தீவிர சிகிச்சைப் பிரிவோடு ஒட்டிக்கொண்டது. திடீரென வரும் நோயையும் அதே சொல்லால் குறிக்கிறோம். பாதிப்பின் அளவைச் சொல்லக் ‘கடுமை’ போதும்.

ஆம்புலன்ஸ் பணியாளரின் வேலையைப் பார்த்தால் சொல் தானே கிடைக்கும். அவர் முன் இரண்டு கேள்விகள் உள்ளன. இது பக்கவாதம்தானா? முகம் கோணுகிறதா, கை தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்க்கும் சின்சினாட்டி அளவுகோல் இதற்கு உரியது. அடுத்து, மூளையின் பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருக்குமா? லாஸ் ஏஞ்சலிஸ் அளவுகோல் முகத்துக்கு 1, கைக்கு 2, பிடிவலுவுக்கு 2 என அதிகபட்சம் 5 புள்ளி தருகிறது. 4 வந்தாலே அந்த ஐயம் வலுக்கிறது. ஸ்பெயினின் காட்டலோனியாவில் உருவான ரேஸ் (RACE) அளவுகோலில் உச்சம் 9; 5 வந்தாலே அதே ஐயம். தலையும் கண்களும் ஒரே பக்கம் திரும்பி நிற்பதையும் அது கணக்கில் கொள்கிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து தரும் பக்கத்து மருத்துவமனை போதுமா, குழாய் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கும் வசதியுள்ள மையத்துக்கே போக வேண்டுமா என்ற முடிவுக்கு இந்த இரண்டாவது கேள்வியின் விடைதான் உதவுகிறது. (அடைப்பா, இரத்தக்கசிவா என்பதை எந்தப் புள்ளியும் உறுதியாகச் சொல்லாது, அதற்கு ஸ்கேன் வேண்டும்.)

ஆகவே கண்டறிதலையும் கடுமையையும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது.

இதே இழையில் அம்மையார் ஒருவர் சொன்ன ‘வழியிடை மதிப்பீடு’ காதுக்கு இனிமைதான். ஆனால் மதிப்பீடு நோயாளி விழுந்த இடத்திலேயே, வண்டி கிளம்புமுன் தொடங்கிவிடுகிறது. களப்பணி, களஆய்வு ஆகியவற்றில் உள்ள ‘களம்’ விழுந்த இடத்துக்கும் வழிப்பயணத்துக்கும் இடம் கொடுக்கும். போர்க்களம் நினைவுக்கு வருகிறதே என்று யாராவது கேட்பீர்கள்; களப்பணியாளரைக் கண்டு யாரும் வாளைத் தேடுவதில்லை.

என் பரிந்துரை: பொதுவாகப் ‘பக்கவாதக் களமதிப்பீடு’, அதனுள் ‘களக்கண்டறிதல்’, ‘களக்கடுமை’. ‘அளவுகோல்’ அப்படியே இருக்கட்டும். கைகால் செயலிழக்காமலும் இந்நோய் வரும் என்பதால் ‘பக்கவாதம்’ என்ற சொல்லிலேயே குறை உண்டு. ஆனால் மக்கள் வாயில் ஊறிய சொல்லை இந்த இழையில் கிளற வேண்டாம்.

வண்டியிலிருந்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் ‘ரேஸ் களக்கடுமை 6’ என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்குச் சட்டெனப் புரியுமா? அவசரப் பிரிவில் பணியாற்றும் நண்பர்கள் சொல்லுங்கள்.