திப்புவின் பிள்ளைகளைப் பிணையாக ஒப்படைக்கும் பழைய பிரிண்ட்: அசலா என்று எப்படிப் பார்ப்பது?

மார்த்தாண்டத்தான்:
எல்லாருக்கும் வணக்கம். மட்டாஞ்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் பிரேம் போட்ட படம் ஒன்றைப் பார்த்தேன். 1792-இல் திப்பு சுல்தானின் மகன்கள் இருவரையும் ஆங்கிலேயக் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைக்கும் காட்சி. கறுப்பு மை, ஒரு முழத்துக்கும் கூடுதல் அகலம். இருநூறு வருஷத்துப் பழசு என்று சொல்லிப் பதினெட்டாயிரம் கேட்கிறார்கள். 1789 டிசம்பரில் திப்பு நம் திருவிதாங்கூரின் காவல் அரணான நெடுங்கோட்டையைத் தாக்கியதில் மூண்ட போர் இந்தக் காட்சியோடுதான் முடிந்தது. அதனால் விட மனசில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. புள்ளி இருந்தால் இந்தக் காலத்து அச்சு என்கிறான் நண்பன். சரியா? வாங்கினால் துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பலாம் என்றும் ஒரு எண்ணம்.

பிரேம்கடை, தக்கலை:
தம்பி, புள்ளியைப் பார்த்த உடனே புதுசு என்று முடிவு கட்ட வேண்டாம். அந்தக் காலத்தில் ஸ்டிப்பிள் என்றே ஒரு முறை இருந்தது. செப்புத் தகட்டில் ஊசியாலும் உளியாலும் புள்ளி குத்திக் குத்தியே நிழலும் வெளிச்சமும் கொண்டுவருவார்கள். முகத்துக்கும் கைக்கும் புள்ளி, உடைக்கும் யானைக்கும் கோடு என்று கலந்தும் செய்வதுண்டு. பத்திரிகை அச்சில் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். வெளுத்த வானத்தில்கூட அந்த வரிசை தெரியும். கையால் குத்தியதில் வரிசை இருக்காது. கன்னம் வளைகிற பக்கம் புள்ளியும் வளைந்து போகும், பெரிதும் சிறிதுமாக இருக்கும். அதைப் பாருங்கள்.

அடுத்தது ஓரம். ஈரப்படுத்திய காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்து உருளையில் அழுத்தி எடுப்பதால், தகட்டின் விளிம்பு படத்தைச் சுற்றிப் பள்ளமாகப் பதிந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், போலியிலும் பள்ளம் அமுக்க முடியும்.

கீழே பொடி எழுத்தை வாசித்தீர்களா? இடது ஓரத்தில் வரைந்தவர், வலது ஓரத்தில் செதுக்கியவர், நடுவில் வெளியிட்டவரின் முகவரியும் தேதியும் இருக்க வேண்டும். 1735-இல் இங்கிலாந்தில் வந்த சட்டம் உரிமையாளர் பெயரையும் தேதியையும் தகட்டிலேயே போடச் சொன்னது. அந்த வரிதான் படத்துக்குப் பிறப்புச் சான்றிதழ்.

வரைந்தவர் யார் என்பது எனக்கு ரொம்ப முக்கியம். இந்தக் காட்சியைப் பலர் வரைந்திருக்கிறார்கள். ராபர்ட் ஹோம் காரன்வாலிஸ் படையோடு கூடவே போனவர். அவர் வரைந்த மைசூர்க் காட்சிகள் 1794-இல் லண்டனில் புத்தகமாக வந்தன. மாதர் பிரவுனும் ஹென்றி சிங்கிள்டனும் இந்தியாவுக்கு வராமலே லண்டனில் உட்கார்ந்து வரைந்தவர்கள். 1799 ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை மாபெரும் அரைவட்டப் படமாக வரைந்து லண்டனில் காட்டிய கெர் போர்ட்டரும் அப்படித்தான். அந்தப் படங்களில் கம்பீரம் உண்டு, விலையும் உண்டு. ஆனால் போர்க்களத்தைப் பார்த்தவர் வரைந்த ஒரு சின்ன மலைக்கோட்டைப் படத்தைத்தான் நான் முதலில் கையில் எடுப்பேன். பாறை அங்கே இருக்கிற மாதிரியே இருக்கும்.

துபாய் யோசனையை விட்டுவிடுங்கள். நூறு வருஷம் கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷத்து இந்தியத் தொல்பொருள் சட்டத்தில் இடமில்லை.

செங்கோட்டை வாசகி:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். படத்தின் நடுவே மடிப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் புத்தகத்திலிருந்து வந்த தாள். என்னிடம் கொல்லம் ராணியை டச்சுப் பயணி நியூஹோஃப் சந்திக்கும் படம் இருக்கிறது. அவருடைய பயண நூலின் 1682 டச்சுப் பதிப்பில் வந்த காட்சி. என்னுடையது 1704 ஆங்கிலப் பதிப்புக்காக மறுபடி செதுக்கியது. அதைப் பார்க்கும்போதெல்லாம், எந்த முழுப் புத்தகத்தைப் பிரித்தார்களோ என்று வயிறு எரிகிறது. இப்போது முழுப் புத்தகத்தைப் பிரித்து விற்பவரிடம் நான் எதையும் வாங்குவதில்லை.

போர்ப் படம்தான் வேண்டும் என்றில்லையென்றால் டேனியல்கள் என்ற ஆங்கிலேய ஓவியர்களின் படங்களைத் தேடிப் பாருங்கள். தாமஸும் வில்லியமும் அதே 1792-இல் நம் பக்கம் வந்தவர்கள். பாபநாசம் அருவியும், களக்காடு பக்கம் நின்று பார்த்த கன்னியாகுமரி மலைகளும் அவர்கள் தொகுப்பில் உண்டு. அவை அக்குவாடின்ட், அதாவது தகட்டை அமிலத்தால் அரித்து நீர்வண்ணம் போல நிழல் கொண்டுவரும் அச்சு. கையால் நிறம் தீட்டியவை. அசல் தாள் மலிவாகக் கிடைக்காது.

மார்த்தாண்டத்தான்:
மறுபடி போய்ப் பார்த்தேன். கடைக்காரர் நல்ல மனுஷர், பிரேமைத் திறந்து காட்டினார். புள்ளிகளில் வரிசை இல்லை. மூன்று பக்கமும் படத்தை ஒட்டி வெட்டியிருக்கிறார்கள். கீழே மட்டும் பள்ளம் தெரிகிறது. தேதியில் 179 வரை வாசிக்க முடிகிறது, கடைசி எண்ணின் மேல் பழுப்புக் கறை. பின்னால் பிளைவுட், செலோடேப்.

பிரேம்கடை, தக்கலை:
அப்படியானால் நல்ல அறிகுறிதான். ஆனால் ஓரம் வெட்டிய தாளுக்கு முழு விலை கொடுக்காதீர்கள். மூன்று பக்கம் போனதைச் சொல்லிப் பாதியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

கறையைத் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டாம், டேப்பையும் பிய்க்க வேண்டாம். போன மழைக்கு ஒருவர் ஒரு கோட்டைப் படத்தைக் கொண்டுவந்தார். பிளைவுட்டில் மைதாப் பசையால் ஒட்டியிருந்தது. பசைக்கு வந்த ராமபாணப் பூச்சி, பெயரும் தேதியும் இருந்த ஓரத்தை நாடா நாடாவாகத் தின்றுவிட்டது. நடுவில் கோட்டை முழுசாக இருக்கிறது. எந்தக் கோட்டை, யார் வரைந்தது என்று சொல்ல ஒரு எழுத்து மிச்சமில்லை. மனசு விட்டுப் போயிற்று.

நம்ம ஊரில் இரண்டு மழை. கண்ணாடியில் படம் ஒட்டவே கூடாது. அமிலமில்லாத அட்டையை இடையில் வைத்து, காற்றுக்கு இடம் விட வேண்டும். தெற்குச் சுவரில் மழைச்சாரல் அடித்தால் அங்கே மாட்டாதீர்கள். வாங்கினால் பிரேமோடே பாலிதீன் சுற்றிக் கொண்டுவாருங்கள். பின்பலகையைக் கடையில் வைத்து நானே கழற்றித் தருகிறேன்.