டம்ப்ளிங்: ‘உருளல்’ வேண்டாம், ‘தொடர்கரணம்’ ஆகட்டும்

வணக்கம்.

நம் தமிழ் வகுப்புப் பாடக்குறிப்புக்காக, ஜிம்னாஸ்டிக்ஸ் வகையான டம்ப்ளிங்குக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு ‘உருளல்’ என்று அக்கா சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த விளையாட்டில் உருள்வதே கிடையாது. கையிலிருந்து காலுக்கு, காலிலிருந்து கைக்கு, காலிலிருந்து காலுக்கு என்று துள்ளிக்கொண்டே போகவேண்டும். முதுகு பட்டால் ஆட்டம் அவ்வளவுதான்.

25 மீட்டர் நீள ஸ்பிரிங் தளத்தில் ஓடிவந்து, இடையில் ஓரடிகூட எடுத்து வைக்காமல் எட்டு அசைவுகள். பெரும்பாலும் ரவுண்ட் ஆஃபில் தொடங்குவார்கள்; முன்னால் ஓடிவந்த வேகத்தைப் பின்பக்கம் திருப்பிவிடுவது அதுதான். பிறகு பின்னால் வளைந்து கையூன்றும் ஃபிளிக், கையே படாத விப், கடைசியில் இரட்டைக் கரணமோ மூன்று கரணமோ போட்டு மெத்தையில் இறங்கி அசையாமல் நிற்கவேண்டும். கரணம், இடைவிடாமை இரண்டும் பெயரில் தெரியவேண்டாமா? அதனால்தான் ‘தொடர்கரணம்’ என்கிறேன்.

‘தரைப் பயிற்சி’யும் ஒத்துவராது. அது 12 மீட்டர் சதுரத்தில் நடக்கும் வேறு போட்டி. ‘பல்டி’ எல்லாருக்கும் புரியும்தான்; ஆனால் செய்தித்தாளில் அதை அரசியல்வாதிகள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள்.

கரணம் என்றால் நாட்டியத்தின் 108 கரணங்களோடு குழம்பும் என்று ஐயா கேட்டிருந்தார். நம் டர்பன் நகரத்துத் தெலுங்கு வீட்டாருக்கு, அவர்கள் மொழியில் ‘கரணம்’ எனப்படும் ஊர்க்கணக்குப்பிள்ளைகூட நினைவுக்கு வரலாம்! ஆனால் குட்டிக்கரணமும் ‘கரணம் தப்பினால் மரணம்’ என்பதும் நம் வாயில் புழங்குபவை. ‘தொடர்’ முன்னால் நின்றால் குழப்பம் வராது. ‘தொடர்கரணம் அடித்தாள்’, ‘தொடர்கரண வீரர்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை. எட்டு அசைவும் சேர்ந்த ஒரு முழு ஓட்டத்தைக் ‘கோவை’ எனலாம்.

1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் ஒரே ஒருமுறை இது பதக்கப் போட்டியாக இருந்தது. அமெரிக்காவின் ரோலண்ட் வுல்ஃப் தங்கம் வாங்கினார். 1999இல் டிராம்போலின், டம்ப்ளிங் உலகப் போட்டி நம் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியிலேயே நடந்தது. அப்படியிருந்தும் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதித் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் சொல்ல நம்மிடம் ஒரு சொல் இல்லை.

மிச்சமிருப்பது உடலைத் திருகும் ‘ட்விஸ்ட்’. ‘முறுக்கு’ என்றால் பிள்ளைகள் தீபாவளிப் பலகாரத்தை நினைத்துச் சிரிப்பார்கள். ‘திருகல்’ போடட்டுமா? மாற்றுக் கருத்து இருந்தால் சீக்கிரம் சொல்லுங்கள், பாடக்குறிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது.