நாகலூர் பக்கம் வீட்டுக்குள் சிக்னல் இல்லை, ரிப்பீட்டர் மாட்டலாமா?

காப்பித்தோட்டம் (கேள்வி)

வணக்கம். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற ரோட்டில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் வீடு. தாத்தா காலத்துக் கருங்கல் சுவர், இரண்டடி கனம். மேலே தகர ஷீட். சுற்றிலும் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி, கீழே காப்பி. அம்மா அங்கேதான் இருக்கிறார். சேலத்துக்கு வரச் சொன்னால் இரண்டு நாளுக்கு மேல் தங்க மாட்டார். போன வருடம் அவருக்குப் பேஸ்மேக்கர் வைத்தோம்.

வீட்டுக்குள் போன் எடுப்பதே இல்லை. திண்ணையில் ஒரு கோடு வரும். வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறையில் ஏறினால் மூன்று கோடு. ராத்திரி ஒன்று என்றால் அம்மா பாறையேறி 108ஐக் கூப்பிட முடியுமா?

சேலத்தில் ஒரு கடையில் சிக்னலைப் பெருக்கித் தரும் ரிப்பீட்டர் பெட்டி, வெளி ஆண்டெனா, உள் ஆண்டெனா, கேபிள் எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் சொல்கிறார்கள். 2ஜி, 3ஜி, 4ஜி எல்லாவற்றுக்கும் வேலை செய்யுமாம். இரண்டு ஆண்டெனாவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் வேண்டும்? மலையில் இடி அதிகம், அதற்கு என்ன பாதுகாப்பு? பேஸ்மேக்கர் உள்ளவர் இருக்கிற வீட்டில் வைக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாழவந்தி

எங்கள் பக்கம் ஒன்றிரண்டு வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். கம்பத்தில் ஒன்று, ஹாலில் ஒன்று, அவ்வளவுதான். நன்றாக எடுக்கிறது. யாரும் வந்து கேட்டதில்லை. வாங்கி மாட்டுங்க.

பழைய டவர்க்காரர்

தம்பி, கொஞ்சம் பொறுங்கள், பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். சேலம், நாமக்கல், தர்மபுரி மூன்று மாவட்டத்திலும் டவர் சிக்னல் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். நீளமாக எழுதுவதற்கு மன்னிக்கவும், இதை அரைகுறையாகச் சொல்லக்கூடாது.

முதலில் சட்டம். நம் நாட்டில் ரிப்பீட்டரைத் தனிநபர் வாங்குவது, வைத்திருப்பது, மாட்டுவது மூன்றுக்கும் அனுமதி இல்லை. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் மட்டுமே வைக்கலாம். 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்தே ரேடியோ கருவிக்கு உரிமம் வேண்டும் என்பதுதான் விதி. 2022இல் தொலைத்தொடர்புத் துறை பூஸ்டரையும் (ரிப்பீட்டருக்கு இன்னொரு பெயர்) சிக்னலை முடக்கும் ஜாமரையும் பெயர் சொல்லியே எச்சரித்தது. 2023இல் வந்த புதிய சட்டமும் இதைத் தளர்த்தவில்லை. கடையில் விற்கிறார்கள், ஆன்லைனில் கிடைக்கிறது என்பதால் அது அனுமதி ஆகிவிடாது.

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். ரிப்பீட்டர் இரண்டு பக்கமும் பெருக்கும். டவரிலிருந்து வருவதை உங்கள் வீட்டுக்குள் பெருக்கும், உங்கள் போனிலிருந்து போவதையும் டவரை நோக்கிப் பெருக்கும். வம்பு இரண்டாவதில்தான். ஒரு 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட் சக்தியில்தான் பேசும். அந்தச் சன்னமான குரலைப் பல கிலோமீட்டர் தள்ளி இருந்து கேட்கிற அளவுக்கு டவரின் காது கூர்மையானது. மலிவான பெட்டி போனின் குரலோடு தன் சொந்த இரைச்சலையும் சேர்த்து டவருக்கு அனுப்பும். யாரும் பேசாத நேரத்திலும் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

வெளி ஆண்டெனாவும் உள் ஆண்டெனாவும் ஒன்றையொன்று கேட்க ஆரம்பித்தால் நிலைமை இன்னும் மோசம். திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் கூவுமே, அதே கதைதான். அந்தக் கூவல் நம் காதில் விழாது, டவரில் விழும். பெட்டி எத்தனை டெசிபல் பெருக்குகிறதோ அதைவிட இன்னும் 15 டெசிபல் அளவுக்காவது இரண்டு ஆண்டெனாவுக்கும் இடையே தடுப்பு இருக்க வேண்டும். 70 டெசிபல் பெட்டி என்றால் 85. எத்தனை அடி தூரம் என்று கேட்டீர்கள். அடிக்கணக்கில் இதற்குப் பதில் இல்லை, கருவி வைத்து அளந்துதான் சொல்ல முடியும். நிறுவனத்தின் ஆட்கள் வைக்கும்போது அளந்து, பெருக்கத்தைக் குறைத்து, தங்கள் அலைவரிசைக்கு மட்டும் வேலை செய்யும் கருவியாகப் பார்த்து வைப்பார்கள். கடைக்காரரிடம் அந்த அளவுகோலும் இல்லை, அந்தப் பொறுப்பும் இல்லை.

மலையில் ஒரு டவரை நம்பிப் பல ஊர் இருக்கிறது. உங்கள் பெட்டி இரைச்சல் போட்டால் அந்த டவர் எல்லையில், பள்ளத்தில் இருக்கிற ஒருவர் 108ஐ அழைக்கும் குரல் டவருக்குக் கேட்காமல் போகும். உங்கள் அம்மாவுக்காகச் செய்வது இன்னொரு வீட்டு அம்மாவின் அழைப்பைத் துண்டிக்கக்கூடாது. வாழவந்தி நண்பரே, "யாரும் வந்து கேட்டதில்லை" என்கிறீர்கள். அந்தப் பக்கம் கால் கட் ஆகிறது என்று புகார் சொல்கிறவர்களுக்குக் காரணம் எந்த வீடு என்று எப்படித் தெரியும்?

"எல்லாவற்றுக்கும் வேலை செய்யும்" என்பதையும் நம்பாதீர்கள். இங்கே 4ஜி 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் என்று பல இடத்தில் ஓடுகிறது, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2300இல் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கும். சாதாரணப் பெட்டிக்கு அந்த வித்தை தெரியாது.

சட்டப்படியே வழி இருக்கிறது, உங்கள் வீட்டுக்கு அது நன்றாகவே பொருந்தும் என்று நினைக்கிறேன். அதற்கு முன் எனக்கு எண் வேண்டும். கோடுகளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் ஸ்ட்ரென்த் டிபிஎம் கணக்கில், மைனஸ் எண்ணாக இருக்கும்; பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க சிக்னல் நல்லது. உள்ளே, திண்ணையில், பாறை மேல், மூன்று இடத்திலும் பார்த்து எழுதுங்கள். எந்த சிம் என்பதையும், அம்மா வைத்திருப்பது என்ன போன் என்பதையும் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி நர்ஸ்

பேஸ்மேக்கர் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். போனைச் சட்டையின் இடது பாக்கெட்டில், கருவிக்கு நேர் மேலே வைக்கக்கூடாது. 15 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். பேசும்போது கருவி இல்லாத பக்கத்துக் காதில் வைக்கச் சொல்லுங்கள். வைஃபை ரவுட்டர் அறையில் இருப்பதால் பயமில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு உட்காராமல் இருந்தால் போதும். அம்மாவின் பேஸ்மேக்கர் அட்டையை எப்போதும் கைப்பையில் வையுங்கள், 108இல் வருகிறவர்களுக்கு அது உதவும்.

காப்பித்தோட்டம்

அண்ணா, ரொம்ப நன்றி. கடையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ப் பார்த்தேன். சமையலறையில் மைனஸ் 121, திண்ணையில் மைனஸ் 112, பாறையில் மைனஸ் 94. இன்னொரு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்த்தேன், அது பாறையில்கூட மைனஸ் 108தான். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். பாறையிலிருந்து வீட்டுச் சுவர் 35 மீட்டர் இருக்கும். ஃபைபர் நாகலூர் வரை வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இழுக்க வேண்டுமானால் தோட்டத்துக்குள்ளேயே முக்கால் கிலோமீட்டர் வரவேண்டும் என்கிறார் கேபிள்காரர். காற்றுக் காலத்தில் மரம் விழுந்தால் அறுந்துபோகும் என்று அவரே தயங்குகிறார்.

பழைய டவர்க்காரர்

அருமையான எண்கள். பாறைக்கும் சமையலறைக்கும் 27 டெசிபல் வித்தியாசம், அதாவது ஏறக்குறைய 500 மடங்கு. சிக்னல் உங்கள் தோட்டம் வரை வருகிறது. கல்லும் தகரமும்தான் அதை உள்ளே விடவில்லை. இனி நாம் அதை உள்ளே கொண்டுவர வேண்டியதில்லை, வெளியே இருக்கிற இடத்திலேயே பிடித்துக்கொள்ளலாம்.

வெளியில் மாட்டும் 4ஜி ரவுட்டர் என்று கேளுங்கள். ஆண்டெனா உள்ளேயே இருக்கும், மழைக்குத் தாங்கும், சிம் போடலாம். சட்டத்தின் கண்ணில் அது ஒரு போன் மாதிரி: தன் சிம்முக்காக மட்டும் டவரோடு பேசும், எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதை டவரே அதற்குச் சொல்லும். அதைப் பாறைப் பக்கம் ஒரு கம்பத்தில் மாட்டி, கேட்-6 வெளிப்புற ஈதர்நெட் கேபிளில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அதே கேபிளில் கரண்டும் போகும், பிஓஇ என்பார்கள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை போகும், உங்களுக்கு 35தான். ஆண்டெனாவைப் பாறையில் வைத்துவிட்டு மெல்லிய ஆண்டெனா கேபிளை வீடு வரை இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பிடித்த சிக்னலில் பெரும்பகுதி அந்தக் கேபிளிலேயே கரைந்துவிடும்.

வீட்டுக்குள் ஹாலில் ஒரு வைஃபை பெட்டி. இரண்டடிக் கல்சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் நிற்காது, 2.4ஐயே வையுங்கள். அம்மாவின் படுக்கை அறை இரண்டு சுவர் தள்ளி இருந்தால் அங்கே இன்னொரு பெட்டியை வயர் இழுத்து வையுங்கள்.

அம்மாவுக்கு வைஃபை காலிங், அதாவது டவருக்குப் பதில் வைஃபை வழியாகக் கால் பேசும் வசதி, உள்ள போன் வேண்டும். செட்டிங்ஸில் சிம் பகுதியில் அதை ஆன் செய்தால் அவருடைய அதே நம்பரிலிருந்து, சாதாரண கால் போலவே பேசலாம். தனி ஆப் எதுவும் வேண்டாம். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தார்கள். வாங்கும் மாடலுக்கு உங்கள் கம்பெனி இதைத் தருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

பட்டன் போன்தான் அம்மாவுக்குச் சரிவரும் என்றால் சிம் போடும் மேசை போன் இருக்கிறது, லேண்ட்லைன் போலவே ரிசீவர் வைத்தது. 4ஜி குரல் அழைப்பு உள்ளதாக, வெளி ஆண்டெனா சொருகும் வசதியோடு வாங்குங்கள். திண்ணைச் சுவரின் உள்பக்கம் வைத்து, ஆண்டெனாவை மட்டும் ஓரிரு மீட்டர் வயரில் வெளியே விட்டால் போதும். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். சில மாடல்களில் எல்லாக் கம்பெனி சிம்மும் பேசாது.

ஐந்துரோடு வயர்மேன்

கம்பம் நடுவதைப் பற்றி நான் சொல்கிறேங்க. மலையில் இந்த வேலை நிறையச் செய்திருக்கிறேன்.

பாறையின் உச்சியில் நட வேண்டாம். சிக்னல் போதுமான அளவு கிடைக்கிற இடங்களில் எது தாழ்வோ அதில் நடுங்கள். சில்வர் ஓக்கை ஒட்டியும் நடாதீர்கள், மரத்தில் விழுகிற இடி பக்கத்தில் இருக்கிற இரும்புக்குத் தாவும். கம்பம் சாய்ந்தால் இ.பி. வயரில் படாத தூரம் கட்டாயம். ஆளுக்கு உயிர் போவது பெரும்பாலும் அங்கேதான், நிமிர்த்தும்போது இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

எர்த் உங்கள் ஊரில் கஷ்டம். அடியில் பாறை, ராடு இரண்டடியில் நின்றுவிடும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற பக்கம் போல ஈரம் நிற்கிற மண்ணாகப் பார்த்துக் குழி எடுங்கள். கம்பத்தின் எர்த்தையும் வீட்டு மீட்டர் எர்த்தையும் கனமான செம்புக் கம்பியால் சேர்த்துவிட வேண்டும். இரண்டும் தனித்தனியாக இருந்தால் இடி நேரத்தில் அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் ரவுட்டர் வழியாகப் பாயும். ஈதர்நெட் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் இடி நேரத்து மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் ஒரு சர்ஜ் அரெஸ்டர், அதற்கும் அதே எர்த். இவ்வளவு செய்தாலும் நேரடி இடிக்கு உத்தரவாதம் கிடையாது. சித்திரை, வைகாசியில் மாலை இருட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கேபிளைக் கையால் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

கேபிளை ஹெச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்பில் விட்டு மண்ணுக்குள் புதையுங்கள். தொங்கவிட்டால் குரங்கு ஒரு வாரம்கூட விடாது. தகர ஷீட் மேல் ஏறுகிற வேலை எதுவாக இருந்தாலும் வெயில் நாளில் வைத்துக்கொள்ளுங்கள், பாசி பிடித்த ஷீட் கால் நிற்காது.

ஏரி ஓரம்

நான் சின்ன காட்டேஜ் நடத்துகிறேன். கீழ்த் தளத்து அறைகளில் சிக்னல் இல்லை என்று விருந்தினர்கள் குறைப்படுகிறார்கள். நிறுவனத்தையே ரிப்பீட்டர் வைக்கச் சொல்ல முடியுமா?

பழைய டவர்க்காரர்

கேட்கலாம். வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிப் புகார் எண் வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. பதில் சரியில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணைப் போட்டு எழுதுங்கள். அக்கம்பக்கத்துக் காட்டேஜ்கள் சேர்ந்து எழுதினால் ஆய்வுக்கு ஆள் வர வாய்ப்பு அதிகம். பல நேரம் டவர் ஆண்டெனாவின் திசையையோ சாய்வையோ மாற்றினாலே தீர்ந்துவிடும். பெரிய கட்டடம் என்றால் உள்ளேயே ஆண்டெனாக்கள் வைத்துத் தருவார்கள். அதுவரை உங்களிடம் ஃபைபர் இருந்தால் அறைக்கு அறை நல்ல வைஃபை கொடுங்கள், விருந்தினர்கள் வைஃபை காலிங்கில் பேசிக்கொள்வார்கள்.

காப்பித்தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. கம்பம் நட்டாயிற்று, பாறைக்குக் கீழே வீட்டுப் பக்கமாக. அங்கே மைனஸ் 97 கிடைக்கிறது. எர்த்தைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி மீட்டர் எர்த்தோடு சேர்த்தோம். சமையலறையில் நின்றபடி அம்மா என்னோடும் பேரனோடும் பேசினார். வைஃபை காலிங் உள்ள புதுப் போனுக்கு மெல்லப் பழகிக்கொண்டிருக்கிறார்.

ஒரு கவலைதான் பாக்கி. காற்று மழை என்றால் எங்கள் பக்கம் கரண்ட் பாதி ராத்திரிகூடப் போகும். அப்போது ரவுட்டர் செத்துவிடுமே?

பழைய டவர்க்காரர்

மகிழ்ச்சி தம்பி. கரண்ட்தான் இந்த ஏற்பாட்டின் பலவீனமான இடம், அதை இப்போதே சரிசெய்துவிடுங்கள். கடையில் ரவுட்டருக்கென்று விற்கிற குட்டி யுபிஎஸ் சில மணி நேரம்தான் தாங்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியும் அதற்கேற்ற சார்ஜரும் வைத்தால், எல்லாம் சேர்ந்து 10 வாட் இழுத்தாலும் ஆறேழு மணி நேரம் ஓடும். உங்கள் பக்கத்துக்கு அதைவிடப் பெரியதாகவே வையுங்கள். ஈதர்நெட் கேபிளில் கரண்ட் ஏற்றும் பிஓஇ பெட்டியின் மேல் 24 வோல்ட் என்றோ 48 வோல்ட் என்றோ போட்டிருக்கும், அதற்கு 12ஐ நேராகக் கொடுக்கக்கூடாது, இடையில் வோல்ட்டேஜ் ஏற்றும் கன்வெர்ட்டர் வேண்டும்.

கரண்ட் நெடுநேரம் இல்லாவிட்டால் டவரின் பேட்டரியும் தீர்ந்துபோகலாம். அந்த நேரத்துக்காக மேசை போன் ஒன்று இன்னொரு கம்பெனி சிம்மோடு திண்ணைப் பக்கம் இருக்கட்டும். பாறையில் மைனஸ் 108 காட்டிய சிம் என்றாலும் வெளி ஆண்டெனாவோடு ஒரு கால் பேச வாய்ப்பு இருக்கிறது, வாங்குவதற்கு முன் போட்டுப் பாருங்கள். அம்மாவுக்கு 112 என்ற அவசர எண்ணையும் சொல்லிக்கொடுங்கள். தன் கம்பெனி டவர் இல்லாவிட்டாலும், எட்டுகிற வேறு டவர் வழியாகப் போன் அந்த அழைப்பைக் கொண்டுபோகப் பார்க்கும்.

பிஓஇ பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரைப் படம் எடுத்துப் போடுங்கள், கன்வெர்ட்டர் எது என்று சொல்கிறேன்.

காப்பித்தோட்டம்

சரிங்கண்ணா, சனிக்கிழமை மேலே போகிறேன். அன்றைக்கே படம் போடுகிறேன்.