வெளிநாட்டிலிருந்து மரச்சட்ட வீடு தருவித்தல்

கேள்வி:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய எங்கள் நிலத்தில், எஸ்தோனிய ஆலையில் அறுத்து, பொருத்துவதற்குத் தயாராக அனுப்பப்படும் மரச்சட்ட வீடொன்றை நிறுவ எண்ணியுள்ளேன். விற்பனையாளர் கிள்ளான் துறைமுகம் வரை சி.ஐ.எஃப். விலை (சரக்கு, காப்புறுதி, கப்பல் கட்டணம் அடங்கிய விலை) கூறி, பாதிப் பணத்தை முன்னதாகக் கேட்கிறார். எவற்றை உறுதிசெய்த பின் கையொப்பமிட வேண்டும்?

மறுமொழி 1:
ஐயா, 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றம் வரைபடத்துக்கு ஒப்புதல் தராமல் கட்டடம் எழுப்ப இயலாது. அதை முதலில் முடியுங்கள்.

மறுமொழி 2:
விலையைவிடச் சுவரின் அடுக்குகளையே நான் கவனிப்பேன். குளிர்நாட்டு வீடுகளில் ஈரத்தடுப்புப் படலம் சுவரின் உட்புறத்தில் இருக்கும். நம் ஊரில் குளிர்சாதனம் ஓடும் அறைகளிலோ வெளிக்காற்றின் ஈரம் உள்நோக்கி வந்து, அப்படலத்தின் பின்னால் நீராகப் படிந்து, வெப்பக்காப்புப் பஞ்சையும் சட்டத்தையும் ஊறவைத்துவிடும். அடுக்குகளை மாற்றித் தருவார்களா என்று எழுத்துமூலம் கேளுங்கள். இத்தகைய வீடுகளுக்குப் பெரும்பாலும் பயன்படும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரம் கறையானுக்குத் தாங்காது. அழுத்த முறையில் மருந்தேற்றியதாக இருக்க வேண்டும், இங்கே அறுக்கும் முனைகளுக்கும் மருந்து பூச வேண்டும். (பழைய தோட்ட வீடுகள் கால்கள்மேல் நின்றது அழகுக்காக அன்று.)

மறுமொழி 3:
சி.ஐ.எஃப். என்றால், சரக்கு அங்குக் கப்பலேறியதுமே இழப்புப் பொறுப்பு தங்களுடையதாகிவிடும். இறக்குமதி வரி, சுங்க முகவர் கட்டணம், லாரி வாடகை யாவும் விலையில் அடங்கா. நாற்பது அடிக் கொள்கலன் ஏறக்குறைய 12 மீட்டர் நீளமுள்ளது என்பதால், தோட்டச் சாலையின் வளைவுகளில் லாரி திரும்புமா என்றும் பாருங்கள். முன்பணத்துக்கு விற்பனையாளர் வங்கி உத்தரவாதம் தர மறுத்தால், நான் வாங்கமாட்டேன்.