தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றினால் டாக்டரின் கோபம் தீருமா?

கொண்டல் (திரியைத் தொடங்கியவர்)

அரசு வேலையில் இருந்தவர்களுக்கு இந்த மிரட்டல் பழக்கம்: "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்." அந்தக் காடு நாங்கள்தான். ராமநாதபுரம்.

ஆஸ்பத்திரி அலுவலகத்தில் முப்பது வருடம் ஃபைல் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவன் நான். வேறு மாவட்டத்தில் சிஸ்டர் மீது கேஸ் ஷீட்டை எறிந்தவர், தியேட்டரில் கெட்ட வார்த்தை பேசியவர், பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜனை வார்டு நடுவில் நிறுத்தி அழவைத்தவர் என்று பல டாக்டர்கள் இந்தக் கடற்கரையில் வந்து இறங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆர்டரில் காரணம் இருக்காது. "நிர்வாக நலன் கருதி", அவ்வளவுதான். ஆறாவது மாதம் இங்கேயும் அதே கதை தொடங்கும். நாங்களும் ஒரு மனுவை எழுதி அவரை அடுத்த ஊருக்குத் தள்ளுவோம்.

இப்படிப்பட்ட டாக்டரை என்ன செய்வது? தண்டிக்க வேண்டும் என்கிறார்கள் சிலர். முதலில் உதவ வேண்டும் என்பது என் கட்சி. டிரான்ஸ்பர் தண்டனையும் இல்லை, உதவியும் இல்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதையும் எழுதாதீர்கள்.

சம்மாட்டி மகன்

இதில் பேச என்ன இருக்கிறது அண்ணே? எங்கள் போட்டில் ஒருத்தன் கூட வந்தவனை அடித்தால், கரை சேர்ந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிடுவோம். ஆஸ்பத்திரியில் எங்கள் ஆள் கை ஓங்கினால் 2008இல் வந்த சட்டப்படி ஜாமீன் இல்லாத வழக்கு. டாக்டர் கை ஓங்கினால் அவருக்கு உதவ வேண்டுமா? நல்ல நியாயம்.

கத்தி பிடிப்பவன்

தம்பி, நான் சர்ஜன். உங்கள் போட்டுக்கு வேறு ஆள் கிடைப்பான். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்கு 170 கிலோமீட்டர். இடையில் குடல் வெடித்த நோயாளிக்கு நடுராத்திரியில் வயிறு திறக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒருவரைக் கணக்கு முடித்து அனுப்புங்கள், பார்ப்போம்.

"கோபக்கார டாக்டர்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் மண்ணீரல் கிழிந்து ஒருவர் வருகிறார். வயிறு முழுக்க ரத்தம். ரத்தத்தை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் வேலை செய்யவில்லை. ரத்தக்குழாயை இறுக்கும் கிளாம்ப் பிடிக்கவில்லை. இதை மூன்று மாதமாக எழுதிக் கொடுத்தாயிற்று. அந்த நேரத்தில் "தயவுசெய்து" என்று ஆரம்பிக்க எனக்கு வராது. கத்தினேன். இனியும் கத்துவேன்.

இன்னொன்று. கைகழுவாமல் டிரெஸ்ஸிங் செய்தவரைக் கண்டித்ததற்காக என் மேல் ஒரு புகார் போனது. மெமோ எனக்குத்தான் வந்தது. ஒழுங்கைக் கேட்பவனையும் இந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அப்புறம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்.

இரவு டியூட்டி

கத்தி பிடிப்பவன் சார், சக்ஷன் வேலை செய்யாதபோது கத்தியதை எந்த சிஸ்டரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை. நாங்களும் அந்த சக்ஷனைத் திட்டிக்கொண்டேதான் நிற்கிறோம். வேறு ஒன்று சொல்கிறேன்.

இந்தக் கடற்கரையில் ஓர் ஆஸ்பத்திரி. சிசேரியன் முடிந்து வார்டுக்கு வந்த பெண். இரவு 12.45. பல்ஸ் 118. துணி ரத்தத்தில் நனைந்துகொண்டே இருந்தது. டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்பது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதற்கு முந்தைய வாரம் இதே மாதிரி ஒரு கேஸுக்குக் கூப்பிட்டிருந்தேன். வந்து பார்த்துவிட்டு, "பல்ஸ் பார்க்கத் தெரியாத உன்னையெல்லாம் யார் வேலைக்கு எடுத்தது" என்று நோயாளியின் அம்மா எதிரில் கேட்டார். அவர் கத்தவே இல்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அதனால் அன்றைக்கு வயிற்றைத் தேய்த்துப் பார்த்தேன். டிரிப் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். இன்னொரு முறை பிரஷர் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். போன் கையில்தான் இருந்தது. 1.25க்குக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம். வந்தார், சரியாகவே பார்த்தார், மறுபடி தியேட்டர், ரத்தம். பெண் பிழைத்தாள். அவர் கைத்திறமையைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

தாமதித்தது என் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தப்பு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டார்களா?

சம்மாட்டி மகன்

அக்கா, இதைப் படித்த பிறகும் அவருக்கு உதவி வேண்டும் என்கிறார்களா?

கீழக்கரை காக்கா

வேண்டும் தம்பி. பல வருடம் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அங்கேயும் இதே வியாதிதான். ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன் 2008 ஜூலையில் ஓர் எச்சரிக்கை விட்டது. மிரட்டுவது மட்டுமில்லை, போன் எடுக்காமல் இருப்பது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போவது, எகத்தாளம் எல்லாமே நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்று அது சொன்னது. சிஸ்டர் சொன்ன அந்தச் சிரிப்பும் இதில் வந்துவிடும். 2009 ஜனவரியிலிருந்து நடத்தை விதியும், மீறினால் கையாளும் முறையும் அதன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் கட்டாயமாயின.

முறை என்றால் என்ன? நாஷ்வில்லில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே வைத்திருப்பது நாலு படி. முதல் புகார் வந்ததும் சக டாக்டர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு ஒரு காபி சாப்பிட்டபடி, "இப்படி ஒன்று சொல்கிறார்கள், உங்கள் காதில் போடுகிறேன்" என்பார். விசாரணை கிடையாது, தீர்ப்பும் கிடையாது. பெரும்பாலானோர் அங்கேயே அடங்கிவிடுகிறார்கள் என்பது அவர்கள் அனுபவம். புகார்கள் சேர்ந்தால், சேர்ந்ததை எடுத்துக் காட்டி இன்னொரு சக டாக்டர் பேசுவார். அதற்கும் மசியாவிட்டால் துறைத் தலைவர் எழுத்தில் ஒரு திட்டம் போடுவார். மருத்துவப் பரிசோதனை, பயிற்சி வகுப்பு எல்லாம் அதில் வரும். கடைசிப் படிதான் ஒழுங்கு நடவடிக்கை. கை நீட்டியவருக்கும் பாலியல் தொல்லை கொடுத்தவருக்கும் காபி கிடையாது, நேராகக் கடைசிப் படி.

கத்தி பிடிப்பவன், உங்களுக்கும் ஒன்று. இஸ்ரேலில் 24 பச்சிளங்குழந்தைப் பிரிவுக் குழுக்களை வைத்து ஒரு சோதனை செய்து 2015இல் வெளியிட்டார்கள். பொம்மைக் குழந்தை, போலி அவசரம். வெளிநாட்டு நிபுணர் என்று ஒருவர் சில குழுக்களிடம் மட்டும் இஸ்ரேல் மருத்துவத்தை மட்டம் தட்டிப் பேசினார். கத்தவில்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் செய்முறையிலும் மற்றவர்களைவிடப் பின்தங்கின. கேட்ட சொல் கையை மந்தமாக்குகிறது.

இரவு டியூட்டி

காக்கா, நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே சீஃபை யார் டீ சாப்பிடக் கூப்பிடுவது? அவர் உட்காரும்வரை எல்லாரும் நிற்கிற இடம் இது.

கொண்டல்

சிஸ்டர் கேட்டது சரி. எங்கள் ஃபைல்களில் இருப்பது இரண்டு ஆயுதங்கள்: அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் உள்ள 17ஏ, 17பி. ஒன்று சின்னத் தண்டனைக்கு, மற்றது பெரியது. சார்ஜ் மெமோ வந்த நாளிலிருந்து டாக்டர் பதில் எழுதுவதில்தான் மும்முரமாக இருப்பார். பதவி உயர்வு நிற்கும், சங்கம் வரும், சாட்சி சொன்ன சிஸ்டருக்கு மூன்று மாதம் நைட் டியூட்டி விழும். அவர் நடத்தை மட்டும் அப்படியே இருக்கும். மெமோவுக்கு முந்தைய படி ஒன்று நம்மிடம் கிடையவே கிடையாது. அதனால்தான் டிரான்ஸ்பர். அதற்குச் செலவும் இல்லை, சத்தமும் இல்லை.

ஏர்வாடிப் பக்கம்

மனநல மருத்துவன். சுருக்கமாகச் சொல்லப் பார்க்கிறேன், முடியாது என்று எனக்கே தெரியும்.

நேற்றுவரை நன்றாக இருந்தவர் திடீரென்று எரிந்து விழுகிறார் என்றால் அதைக் குணம் என்று எழுதிவிடாதீர்கள். தூக்கமின்மை, மனச்சோர்வு, குடி, தைராய்டு, சிலருக்கு உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய், வயதானவர்களில் மூளைத் தேய்வின் ஆரம்பம் என்று எதுவாகவும் இருக்கலாம். கல்லூரி நாளிலிருந்தே அப்படித்தான் என்றால் அது வேறு. அதற்கு மாத்திரை கிடையாது. எல்லை போட வேண்டும், எல்லை தாண்டினால் விளைவு இருக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் உதவி என்பதும் தண்டனை என்பதும் குருட்டடி.

ஆனால் டாக்டர் என் ஓ.பி.யில் வந்து உட்கார மாட்டார். 2001 ஆகஸ்ட் 6 நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் இறந்தார்கள். மனநோய்க்கு மருந்து உண்டு, கூட்டிவாருங்கள் என்று அதற்குப் பிறகு கிராமம் கிராமமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மீனவர் வருகிறார், கரிமூட்டம் போடுகிறவர் வருகிறார். என் சக டாக்டர் மட்டும் ராத்திரி பதினோரு மணிக்கு போனில் "ஒரு ஃப்ரெண்டுக்காகக் கேட்கிறேன்" என்கிறார். போனில் மனநல உதவி தரும் டெலிமானஸ் 14416 எல்லாருக்கும் பொது, டாக்டருக்கும் சேர்த்துத்தான்.

சம்மாட்டி மகன்

சார், நோய் என்றால் மருந்து கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவரை அவர் யார் வயிற்றில் கத்தி வைப்பார்? எங்கள் ஆட்கள் வயிற்றில்தானே?

ஏர்வாடிப் பக்கம்

நியாயமான கேள்வி. சிகிச்சை முடியும்வரை தியேட்டரிலிருந்து விலக்கி வைக்க வேண்டியவர்களும் உண்டு. உதவி என்றால் அவர் எப்போதும்போல வேலை செய்யலாம் என்று அர்த்தமில்லை.

கத்தி பிடிப்பவன்

முதல் பதிவில் எழுதியதில் பாதியை இன்னும் விட்டுக்கொடுக்க மாட்டேன். சக்ஷனைச் சரிசெய்யாமல் எனக்குக் காபி வாங்கித் தருவது ஏமாற்று வேலை. யாருக்காவது நடத்தைத் திட்டம் எழுதினால், பக்கத்திலேயே அந்த ஆஸ்பத்திரியின் ஓட்டை உடைசல் பட்டியலையும் எழுதுங்கள். டீ விஷயத்தில், சீஃபை இன்னொரு சீஃப் கூப்பிடலாம். நான் கூப்பிட்டிருக்க வேண்டிய ஒருவர் நினைவுக்கு வருகிறார். கூப்பிடவில்லை. அவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார்.

சிஸ்டர், ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நாற்பது நிமிடம் பற்றி அந்த டாக்டருக்குத் தெரியுமா?

இரவு டியூட்டி

தெரியாது சார். கேஸ் ஷீட்டில் "1.25, டாக்டருக்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினேன். அடுத்த மாதம் அவருக்கு டிரான்ஸ்பர் வந்தது. கேக் வெட்டி வழியனுப்பினோம்.