கோர்வைத் தறியில் துணைக்கு யார் உட்காருவது?

பட்டுப்பிரியன்:
போன வாரம் காஞ்சிபுரம் போனேன். கரையையும் உடலையும் தனித்தனி இழையில் நெய்து கோக்கிற கோர்வைச் சேலை கேட்டால் கடைக்குக் கடை, "பார்வைக்கு எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சாதா கரையை எடுத்துப் போடுகிறார்கள். தறிகளில் எலக்ட்ரானிக் ஜக்கார்டு வேறு. 2005-06-ல் புவிசார் குறியீடு வாங்கினது இதற்கா? பழைய முறையில் யாரும் கை வைக்கக் கூடாது.

தறிமேடை:
அண்ணா, ஜக்கார்டையும் கோர்வையையும் போட்டுக் குழப்பாதீர்கள். ஜக்கார்டு டிசைனுக்கு. அட்டை குத்தி ஓட்டினதை இப்போது கணினி செய்கிறது. அட்டைக்கு முன்னால் அடை கட்டி, அதாவது டிசைனை நூலாலேயே தறியில் கட்டி நெய்தார்கள், அந்த அட்டையும் ஒரு காலத்தில் புதுசுதான்.

கோர்வை வேறு. குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடா உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டில் அது நான். எட்டு வயசு. இழை தவறினால் அப்பா திட்ட மாட்டார், தறியை நிறுத்திவிட்டு என் விரலையே பார்ப்பார். ராத்திரி அந்த விரல் மடங்காது. பிள்ளைகளை அங்கே உட்காரவைப்பது நின்றது நல்லது. என் மகனை நான் உட்காரவைக்கவில்லை.

பட்டுப்பிரியன்:
பெரியவர்களைக் கூலிக்கு வைக்கலாமே?

தறிமேடை:
ஒரு சேலைக் கூலியை இரண்டாகப் பிரித்தால் இரண்டு குடும்பமும் பட்டினி.

ஊடைஇழை:
எங்கள் தெருவில் ஒருத்தர் மூன்று நாடாவையும் தனி ஆளாக ஓட்டுகிற மாதிரி தறியை மாற்றியிருக்கிறார். கரையும் உடலும் கோத்துக்கொள்வதில் குறையே இல்லை, பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். இதையும் கை வைக்கக் கூடாது என்பீர்களா? சில துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985-லேயே ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது, சேலையும் அதில் உண்டு. இருந்தும் விசைத்தறிச் சேலை கைத்தறி என்ற பேரில் விலை போகிறது. உங்கள் கோபம் அங்கே போகட்டும். இன்னொன்று, நெசவுக் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கும் சொல்லித்தர வேண்டும். எனக்கு யாரும் சொல்லித்தர முன்வரவில்லை, மூன்று வருஷம் அலைந்தேன்.

பட்டுப்பிரியன்:
தனி ஆள் ஓட்டுவதை ஒத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரியாத விஷயம். ஆனால் பெட்னியில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதாவது, முந்தி நிறத்துப் பாவு இழைகளை (நீளவாக்கு இழைகளை) உடல் பாவோடு இழை இழையாகக் கையால் சேர்த்திருக்க வேண்டும். சேர்ந்த இடம் விரலுக்குத் தட்டுப்படணும்.

தறிமேடை:
என் அக்கா பெட்னி போடுவாள். அடுத்த தடவை சேலை எடுக்கும்போது, பெட்னிக்குத் தனியாக என்ன கூலி கொடுத்தீர்கள் என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள்.